ஊறுகாய் ஜாடியில் டீசல்

– ஜாடியச் சாய்க்காதீய சாமி, டீசல் வேட்டில கொட்டிரும்.

– சாயலை அண்ணாச்சி. குழந்தையாட்டமா மடியிலே வெச்சுண்டிருக்கேன், இதுலேர்ந்துதானே குழாய் வழியா இன்ஜினுக்கு டீசல் போறது. ஆவக்காய் போடற கண்ணாடி ஜாடி இது. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் மயிலாப்பூர்ல ஆத்துக்குள்ளேயே நுழைய முடியாது.

– கலீமு, சர்ச்சு வந்துட்டு. ஓரமா நிறுத்தும்வே.

– நிறுத்தியாச்சு மொதலாளி. இன்ஜினும் ஆஃப். இப்ப சொல்லு ஐயரே, நம்ம வண்டி எவ்ளோ குடிச்சிருக்கு?

– பொறுங்கோ. ஜாடி மேலே காகிதம் ஒட்டிக் கோடு போட்டிருக்கேனே, அதைப் பார்த்துதான் சொல்லணும். சாந்தோம்லேர்ந்து அடையாறு, தரமணி, கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, மறுபடி சாந்தோம். இருபத்திரண்டு கிலோமீட்டர். டீசல் அஞ்சரை லிட்டர். ஆக, லிட்டருக்கு நாலு.

– நாலா? நல்லாப் பாருங்க.

– பட்டாபிராமன் கோட்டைப் பார்த்துத்தான் சொல்வான் அண்ணாச்சி, வாயில வந்ததைச் சொல்ல மாட்டான். நாலேதான்.

– போன மாசம் பூரா மூணே காலு குடுத்த வண்டிவே இது. மதுரைலேருந்து வந்த ஜவுளிப் பேலுகூட இன்னும் எறக்கல, அம்புட்டு பாரத்தோட இன்னைக்கு நாலு குடுக்கு. சாமி கொண்டாந்த டப்பாவ மாட்டுததுக்கு முன்னாலேயே வண்டிக்குப் புத்தி வந்துட்டோ?

– ஞாயித்துக்கெழம மொதலாளி. ரோட்ல ஒரு ஜனம் கெடையாது. வண்டி குஷியா ஓடிச்சு, அவ்ளோதான். நான் அப்பவே சொன்னேன், இந்த வண்டிக்கு டப்பாவும் வாணாம் கிப்பாவும் வாணாம்னு.

– அத ரெண்டாஞ் சுத்து முடிஞ்ச பொறவு பேசுவோம். சாமி, டப்பாவ மாட்டுங்க. எட்டரையோட நல்ல நேரம் முடியுது.

– ரெண்டே நிமிஷம். டப்பாவைக் காத்தாலயே திருகி வெச்சாச்சு. இந்தக் கொக்கியை பெடல் கம்பியில போட்டா வேலை முடிஞ்சுது. போட்டாச்சு, பாருங்கோ. அதாவது கலீமுல்லா, வண்டி நாப்பத்தஞ்சைத் தாண்டித்துன்னா இது கம்பியைப் பிடிச்சுக்கும். அப்புறம் நீங்க பெடல் மேல ஏறி நின்னாலும் டீசல் கூடுதலாப் போகாது.

– வெலங்கு போடறேன்னு சொல்லு.

– விலங்கு இல்லே. லாரியோட மூஞ்சியைப் பாருங்கோ, செவுரு மாதிரி இருக்கு. அந்தச் செவுரைத் தூக்கிண்டு காத்துல ஓடறோம். வேகம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு எதிர்த்துத் தள்றது. நீங்க அறுபத்தஞ்சுல போறச்சே பாதி டீசல் ஜவுளியைத் தூக்கறதுக்கு இல்லே, காத்தோட சண்டை போடறதுக்குப் போறது.

– காத்துகூட நான் சண்ட போடல ஐயரே, அதும்மேல குந்திக்கினு போறேன். மதுரை ரோட்ல என் பேரு இன்னா தெரியுமா உனக்கு? மெயிலு. பொழுது சாய மதுரைல ஏறினா, உஸ்மான் ரோட்ல நம்ம மொதலாளி கடைக்கு வாசத் தெளிக்கறப்போ வண்டி நிக்கும். எட்டு வருசம். ஒரு நாளு லேட்டு கெடையாது. இந்த டப்பாவ மாட்டிக்கினு போனா தொழுப்பேடு தாண்டறதுக்குள்ள மாட்டு வண்டிக்காரன்லாம் எங்கையில சைடு கேப்பான்.

– சரிவே, உம்ம புராணத்த டீக்கடையில வெச்சுச் சொல்லும். ரெண்டு பேரும் போய்க் குடிச்சிட்டு வாங்க. நான் டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, ஜாடியில பழைய கோடு வரைக்கும் டீசல நெரப்பி வெக்கேன்.

– நீ வரல மொதலாளி?

– எனக்கு வேண்டாம். வயித்துக்கு ஒத்துக்கிடாது.

*

– அம்மாசி, ரெண்டு டீ. ஐயருக்கு சக்கர தூக்கலா போடு. இப்போ கசப்பா ஒரு சேதி சொல்லப்போறேன்.

– என்ன சேதி? நான் வெளியிலே டீ குடிக்கறதை ஆத்துல சொல்லிடாதேங்கோ, அது போறும்.

– உன் டப்பா தோத்துப் பூட்ச்சு ஐயரே.

– இன்னும் ரெண்டாம் சுத்தே ஓடலையே?

– ஓட இன்னா கீது? மொத சுத்து டப்பா இல்லாம. ரெண்டாவது டப்பாவோட. ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோ உன் டப்பாவுக்கு மார்க்கு. சரியா?

– சரிதான்.

– நான் மொத சுத்துலயே நாப்பத்தஞ்சத் தாண்டல. தலைல முட்டக் கூடைய வெச்சுக்கினு போறவன் மாரி ஓட்னேன். கிண்டில ரோடு காலியாக் கெடந்துது, என் காலு துடிச்சுது, அமுக்கல. இனிமே உன் டப்பா புட்சு நிறுத்தறதுக்கு இன்னா மிச்சம் கீது, சொல்லு. ஏன் டீயக் கீழ வெச்சுட்ட?

– என்ன காரியம் பண்ணிட்டேள்.

– கோச்சுக்காத ஐயரே. ஆம்பளைக்கு ஆம்பள ஒரு வெளையாட்டு.

– விளையாட்டா? உங்களுக்கு விஷயமே தெரியாதா? அண்ணாச்சி சொல்லலையா?

– இன்னா விசயம்?

– டீசல் விலை ஏறினதுலேர்ந்து நாலு லாரியை வெச்சுண்டு அவரால சமாளிக்க முடியலை. ஒண்ணைத் தள்ளிடறதுன்னு முடிவு பண்ணிட்டார். செங்குன்றத்துலேர்ந்து அரிசி மில்காரர் புதன்கிழமை அட்வான்ஸோட வரார். ரெண்டாம் சுத்துல அரை லிட்டராவது மிச்சமானா விக்க மாட்டேன், இல்லேன்னா குடுத்துடுவேன்னு நேத்திக்குத்தான் எங்கிட்ட சொன்னார்.

– எந்த வண்டி?

– எதுல வந்தோமோ அதுதான்.

– ஐயரே, நல்லா யோசிச்சு சொல்லு. நம்ம வண்டியா?

– நாலுல அதுதான் ரொம்பக் குடிக்கறதாம். மூணே கால்னு சொன்னாரே, கேக்கலையா?

– வண்டி குடிக்கல ஐயரே. நான்தான் குடுத்தேன்.

– அது எனக்கும் தெரியும். அதுக்குத்தானே டப்பா.

– அந்த வண்டில தொங்குதே கண்ணாடிக்கு மேல ஜரிகை வெச்ச பச்ச திரை, அது எங்க வூட்டுக்காரி ஷம்ஷாது தெச்சது. ஷாகிரா பொறக்கச்சே அவளுக்கு வலி எடுத்து, ஒரு ரிக்சா கெடைக்கல. பேலு மேல ஜமக்காளம் விரிச்சுப் படுக்க வெச்சு கோஷா ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டிலதான் இட்டுக்கினு போனேன். அத்த நெல்லு மூட்ட ஏத்த அனுப்பறதா?

– அழாதேங்கோ கலீமுல்லா. நாம அண்ணாச்சிகிட்டே போய் உண்மையைச் சொல்லிடலாம். முதல் சுத்தை மறுபடி ஒழுங்கா ஓட்டிக் காட்டுங்கோ.

– வாணாம். மொதலாளிக்குப் பொய் சொன்னா ஆவாது. அத்தோட, ஜாடிக்கே அளந்து டீசல் ஊத்தறவரு, இன்னொரு சுத்துக்கு எங்க குடுக்கப் போறாரு. உன் டப்பா நல்ல டப்பாதான?

– என் டப்பா பிரமாதமான டப்பா. ஆனா நீங்கதான் ஏற்கெனவே நாப்பத்தஞ்சுக்குக் கீழே ஓட்டிட்டேளே. அது பிடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே.

– அப்போ அஞ்சரைல அர லிட்டர எங்கேந்து புடுங்கறது?

– அதைத்தான் நானும் யோசிச்சுண்டிருக்கேன்.

– யோசிச்சுக்கினே எழுந்திரு. டீய நானே குடிச்சுடறேன், வேஸ்ட்டாப் போவாது.

*

– என்னவே, டீக்குப் போன மனுசன் மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு? பலகாரம் எதுவும் ஊசிப் போச்சா?

– ஒண்ணுமில்ல மொதலாளி. பிஸ்மில்லா. கெளம்பலாம்.

– சாமி, ஜாடி சரியா இருக்கா? அதே கோடுதான?

– அதே கோடு அண்ணாச்சி. ஒரு மயிரிழை கூடக் கொறையலை.

– வண்டிய எடும்.

– எட்த்தாச்சு.

– எடுத்தாச்சா? சத்தமே கேக்கலயே.

– கடேசி கியர்ல போய்க்கினு கீறோம் மொதலாளி. எதுக்கு வண்டியச் சும்மா கத்த வுடணும்.

– அடையாறு பாலம் வந்துடுத்து. முன்னாடி மாட்டு வண்டி போறது பாருங்கோ.

– தாண்டும்வே.

– டப்பா வுடல மொதலாளி.

– அதாவது, மாட்டு வண்டியைத் தாண்ட நாப்பத்தஞ்சு வேண்டாமே, இருபதே போறுமே…

– ஐயரே, ஜாடியப் பாரு. பாலத்துக்கு அந்தாண்ட எறக்கம் கீது, வண்டி தானா உருளும், அப்போ மாடே வழி வுடும். இப்போ அமுக்கித் தாண்டினா, அமுக்கினதும் போச்சு, அடுத்தாப்ல சைக்கிள்காரனுக்கு பிரேக்கு புட்சா அதுவும் போச்சு. பிரேக்க மிதிக்கறது இன்னான்னு நெனச்ச? குட்ச்ச டீசல ரோட்ல துப்பறது.

– பேஷ். இது புஸ்தகத்துல கூட இவ்வளவு தெளிவா இல்லை.

– கலீமு, நீரு எட்டு வருசமா மதுரை ரோடு பூராவும் துப்பிக்கிட்டுல்லா வந்திருக்கீரு?

– அது அப்போ மொதலாளி.

– இப்பம் என்ன வந்துச்சு?

– இப்போ டப்பா வந்துடுச்சு.

– தரமணி ரோடு. காலியா இருக்கு. இங்கே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கோளேன், டப்பா எப்படிப் பிடிச்சுக்கறதுன்னு அண்ணாச்சிக்குக் காட்டலாம்.

– அத்தெல்லாம் பாலத்தாண்டயே பாத்துட்டேன். சூப்பராப் புடிக்குது. தொல்ல பண்ணாத.

– எதுத்தாப்ல ஒரு லாரிக்காரன் கையாட்டிட்டு வாரானே, யாரு?

– கருணாகரன் மொதலாளி. சேலம் லைனு. வாய் பெரிசு அவனுக்கு, கண்டுக்காத.

– என்னமோ கத்திட்டுப் போறானே.

– பஞ்சரா மெயிலு, தள்ளி வுடட்டுமான்னு கேக்கறான்.

– நீரு ஒண்ணும் திருப்பிச் சொல்லலயேவே. போன தடவ உம்ம முந்தினான்னு செங்கல்பட்டு வரைக்கும் தொரத்திட்டுப் போன ஆளுதான நீரு?

– சொல்லட்டும் மொதலாளி. நாளைக்கி ரோடு பூரா சொல்லட்டும். சிரிச்சா இன்னா, வண்டி மேல ஒட்டிக்கினு வந்துடுமா?

– கிண்டி தாண்டி சைதாப்பேட்டை சிக்னல் தெரியறது. சிவப்பு. ஆனா இன்னும் தூரம் இருக்கு, ஏன் இப்பவே காலை எடுத்துட்டேள்?

– நாம உருண்டு போய்ச் சேர்றதுக்குள்ள பச்சை வுழும். தபாரு. ரெண்டு. மூணு. வுழுந்துச்சா? நிக்காமப் போறோம். நின்ன வண்டியக் கெளப்பறதுதான் ஐயரே ரொம்பச் செலவு. பத்து டன்னு. அத்த ஒரு தபா நவுத்தறதுக்கு ஒரு டம்ளரு.

– இதை நான் நோட்டுல எழுதிக்கலாமா?

– எழுதிக்கோ. ஜாடியக் கீழ வுட்டுடாத.

– லஸ்ஸுல என்ன கூட்டம் சாமி? மேளச் சத்தம் கேக்கே.

– மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கு. நாதஸ்வரம், பேண்ட், ரெண்டும் கொண்டுவந்திருக்கா. போச்சு. கால் மணி நேரமாவது நிக்கணும். நின்ன இடத்துல வண்டி குடிச்சிண்டே இருக்குமே.

– இன்ஜின ஆஃப் பண்ணிட்டேன்.

– அண்ணாச்சி, இது செல்லுமா? முதல் சுத்துல நிறுத்தலையே.

– மொத சுத்துல கல்யாணம் இல்லயே சாமி. நிறுத்தக் கூடாதுன்னு நாம ஒண்ணும் எழுதி வெக்கலயே.

– மொதலாளி, அந்த மாப்பிளைக்கு நூறு வயசு. நல்லா மெதுவா நடங்கப்பா. அவசரமே இல்ல. ஐயரே, எந்திரிச்சு நின்னு கையாவது தட்டு.

– மடியில ஜாடி இருக்கே.

– தெருவு ஒழிஞ்சுட்டு. கெளம்பும்வே. ஆங், சாந்தோம் வந்துட்டு, சர்ச்சு அந்தா தெரியுது.

– இதோ. தோ. உருண்டே போய்டலாம். ஐயரே, பேசாத. மூச்சு கூட வுடாத. வந்துடுச்சு. நிறுத்திட்டேன்.

– பாருங்க சாமி.

– பார்க்கறேன். வெயில் அடிக்கறது, கொஞ்சம் மறைச்சுக்கோங்கோ.

– சொல்லு ஐயரே. அர லிட்டரு கெடைச்சுதா?

– அஞ்சு லிட்டர் செலவானா நிக்க வேண்டிய கோடு இங்கே இருக்கு. டீசல் இதுக்கும் மேலேயே நிக்கறது. நாலே முக்கால். அண்ணாச்சி, நாலே முக்கால். முக்கால் லிட்டர் மிச்சம்.

– அல்லா.

– திரும்பச் சொல்லுங்க.

– நாலே முக்கால். லிட்டருக்கு நாலரைக்கும் மேலே. என் சர்வீஸ்ல இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. ஜெயிச்சுடுத்து அண்ணாச்சி, என் டப்பா ஜெயிச்சுடுத்து.

– அப்பம் செங்குன்றத்துக்காரருக்கு நாளைக்கே ஆளனுப்பி, வர வேண்டாம்னு சொல்லிருதேன். வண்டி இங்ஙனயே கெடக்கும்.

– மொதலாளி, உன் காலக் காட்டு.

– அடச்சே, எந்திரியும்வே. டீக்கடைல இருக்கவன் பூராவும் நம்மளப் பாத்துட்டு நிக்கான்.

– இருங்கோ, இருங்கோ. கையோட டப்பாவுக்கு ஸீல் வெச்சுடறேன். இனிமே யாரும் தொடக் கூடாது. பானெட்டைத் தூக்கிப் பிடிங்கோ கலீமுல்லா.

– ஸீலு நாளைக்கி வெச்சுக்கலாமே ஐயரே.

– நாளைக்கு என்னத்துக்கு? ஈயம் பையிலேயே இருக்கு. தூக்குங்கோ. ஆ. இது என்ன?

– என்ன சாமி?

– கொக்கி கம்பியில இல்லையே அண்ணாச்சி. தனியாத் தொங்கிண்டிருக்கு. நான் மாட்டினேனே. என் ரெண்டு கையால மாட்டினேனே. நீங்களும் பார்த்தேளே.

– பாத்தேன்.

– அப்போ இந்தச் சுத்து பூரா டப்பா வேலையே செய்யலை. சும்மா உக்காந்துண்டு வந்திருக்கு. கலீமுல்லா, இது உங்க வேலை. நீங்கதானே மொதல் சுத்துலயும் என்னை ஏமாத்தினேள்? அண்ணாச்சி, இவர் மொதல் சுத்துல வேணும்னே மெதுவா ஓட்டினார். டப்பாவைத் தோக்கடிக்கறதுக்காக. டீக்கடையிலே தன் வாயாலயே சொன்னார்.

– மொத சுத்து நான் பண்ணது மொதலாளி. அது என் தப்பு, உன் முன்னாடி ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கொக்கிய நான் தொடல. ஷாகிரா தலைல அடிச்சு சத்தியம்.

– அப்போ வேற யார் தொட்டா? தானாக் கழண்டு விழற கொக்கி இல்லை அது.

– எனக்குத் தெரியாது ஐயரே. ஆனா கழண்டு கீதுன்னு தெரியும். அடையாறு பாலத்து எறக்கத்துல நாப்பத்தஞ்சு வந்தவுடனே, பாக்கலாம்னு ஒரு தபா அமுக்கினேன். அம்பத்தஞ்சுக்குப் போச்சு. பெடல் அடி வரைக்கும் எறங்கிச்சு. அப்பவே புரிஞ்சு போச்சு.

– ஏன் சொல்லலை?

– சொன்னா நிறுத்தி, மறுபடி மாட்டி, மறுபடி மொதல்லேர்ந்துன்னு சொல்வே. உன் டப்பாவால அர லிட்டரு வராதுன்னு நீயே டீக்கடைல சொன்னியே. அது டப்பாக்கு முடியாத வேலை, காலு செய்ய வேண்டிய வேலை. அதான் பேசாம ஓட்டிட்டேன். மொதலாளி, சோதனை செல்லாதுன்னா சொல்லிடு. ஆனா வண்டியக் குடுத்துடாத. நாளைக்கே மதுரைக்குப் போய்ட்டு வரேன், இதே மாரி, மாட்டு வண்டி பின்னாலயே. ஊரு சிரிச்சாலும் பரவால்ல.

– ஆனா கொக்கி அண்ணாச்சி. கொக்கியை யார் கழட்டினான்னு தெரியாம நான் இந்த நோட்டுல என்னன்னு எழுதறது?

– அவன ஏசாதீய சாமி. நீங்க ரெண்டு பேரும் டீக்குப் போனிய பாத்தியளா, அப்பம் கழத்துனவன் நாந்தான். உங்க டப்பா நல்ல டப்பா, மத்த மூணு வண்டிக்கும் நாளைக்கே மாட்டுங்க, அதுல ஓட்டுதவனுவளுக்கு அது வேணும். இவன் மொத சுத்துல கள்ளத்தனமா மெள்ள ஓட்டுனத நானும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான வந்தேன். புதன்கிழம விசயத்த உங்க காதுல போட்டா டீ ஆறுததுக்குள்ள இவன் காதுக்குப் போயிரும்னு தெரிஞ்சுதான் போட்டேன். ஒரு டப்பா மேல உள்ள கோவத்துலயே இம்புட்டு டீசல் மிச்சம் பிடிக்கவன், வண்டி மேல உள்ள ஆசையில, டப்பா பிடிக்காமலே, எம்புட்டுப் பிடிப்பான்னு எனக்குத் தெரியணும்லா.